கணுக்கால் மாற்று மூட்டு: அறுவைக்கூடம் கற்ற பாடம்

கணுக்கால் மூட்டுத் தேய்மானம் முதுமையால் வருவது குறைவு. ஆறிப்போனதாக எண்ணப்பட்ட பழைய எலும்பு முறிவோ, திரும்பத் திரும்ப ஏற்பட்ட சுளுக்கோ பல ஆண்டுகள் கழித்து அதைக் கொண்டுவருவதால், இடுப்பு, முழங்கால் நோயாளிகளைக் காட்டிலும் வயதில் இளையவர்களே இதற்கு அதிகம் ஆளாகின்றனர். முற்றிய நிலைக்கு மருத்துவம் நெடுங்காலம் அறிந்திருந்த தீர்வு மூட்டிணைப்பு, அதாவது எஞ்சிய குருத்தெலும்பைச் சுரண்டியெடுத்து, இரு எலும்புகளும் ஒன்றாக வளர்ந்து ஒட்டிக்கொள்ளச் செய்வது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னாவில் எடுவர்ட் ஆல்பர்ட் கையாண்ட இம்முறையை, 1951இல் ஜான் சார்ன்லி எலும்புகளை அழுத்திப் பிடிக்கும் கருவியைக் கொண்டு செம்மைப்படுத்தினார். வலி நீங்கியது, அதற்கு விலையாக அசைவும் போயிற்று.

அதே சார்ன்லி 1962இல் இடுப்பு மூட்டு மாற்றில் கண்ட வெற்றிதான் கணுக்காலையும் மாற்றிவிடலாம் என்ற துணிவைப் பிறருக்குத் தந்தது. 1970இல் பிரான்சின் லோர்ட், மரோத் இருவரும் இடுப்புக்கென வடித்த உலோகத் தண்டைத் தலைகீழாகத் திருப்பிக் கீழ்க்கால் எலும்பினுள் செலுத்தி, குதிகால் எலும்பின் மேல் அமர்ந்திருக்கும் டேலஸ் எலும்பை முழுவதுமாக அகற்றிவிட்டு, குதிகாலிலேயே பாலிஎத்திலீன் கிண்ணம் ஒன்றை எலும்புச் சிமென்ட்டால் பதித்தனர். இவ்வாறு செய்த 25 அறுவைகளில் 12 தோற்றன. திருப்தி அளித்தவை 7 மட்டுமே.

இடுப்பு என்பது கிண்ணத்தில் சுழலும் பந்து. கணுக்காலோ, தச்சு வேலையில் துளைக்குள் கழுந்து இறங்குவதுபோல, இரு புறமும் எலும்பு அணைத்து நிற்க டேலஸ் உள்ளே அமர்ந்திருக்கும் மூட்டு. அதன் தொடுபரப்பு இடுப்பின் பரப்பில் ஏறத்தாழ மூன்றிலொன்றே, ஆனால் நடக்கும்போது அதன்மீது இறங்கும் விசை உடல் எடையின் ஐந்து மடங்கை எட்டுகிறது. மேலும், உறுதியான மேற்பரப்பை வெட்டிவிட்டால் எஞ்சுவது மென்மையான பஞ்செலும்பே ஆதலால், சிமென்ட் பிடிப்பிழந்து பாகங்கள் தளர்ந்தன. லண்டன் மருத்துவமனையின் குழு தான் பொருத்திய மூட்டுகளை நெடுநாள் தொடர்ந்து கவனித்து, மூட்டிணைப்பே மேல் என 1985இல் எழுதியது. சொந்தப் படைப்புக்கு எதிராகத் தீர்ப்பு எழுதும் நேர்மை மருத்துவ இதழ்களிலும் அரிது. பின்வந்தவர்களுக்கு வழி காட்டியதும் வெற்றிச் செய்திகளைவிட இத்தகைய ஒப்புதல்களே எனலாம்.

டென்மார்க்கின் ஹாகன் கோஃபோட் 1981இல் பயன்படுத்தத் தொடங்கிய ஸ்டார் மூட்டை அவரே இருமுறை திருத்தினார்: 1986இல் இரு உலோகப் பாகங்களுக்கும் இடையே தடையின்றி வழுக்கும் பாலிஎத்திலீன் தகடு வந்தது, 1990இல் சிமென்ட் கைவிடப்பட்டு, எலும்பே உலோகத்தைப் பற்றி வளர விடப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009இல் இதற்கு ஒப்புதல் அளித்தது.

பழைய முறையையும் புதியதையும் நேருக்கு நேர் நிறுத்தி, எந்த நோயாளிக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து நடத்திய பெரிய ஆய்வு அதன்பின்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 303 நோயாளிகளைச் சேர்த்து நடந்த அவ்வாய்வின் முடிவு 2022இல் வெளியாயிற்று: ஓராண்டில் இரு பிரிவினருமே நன்கு தேறியிருந்தனர், நடப்பதிலும் நிற்பதிலும் இரண்டுக்கும் இடையே உறுதியான வேறுபாடு தென்படவில்லை, மாற்று மூட்டில் காயம் ஆறுவதில் சிக்கல்களும், மூட்டிணைப்பில் எலும்பு ஒட்டாமற்போவதும் கூடுதலாக இருந்தன.