உட்கார மறுத்த முகம்

மன்றச் சுவரில் மாட்ட ஓர் ஓவியம் வேண்டுமென்று, சேரியில் பிறந்து பெரிய ஆய்வுக்கூடம் வரை போய் ஓய்வுபெற்ற அறிவியலாளர் ஒருவரிடம் போனோம். “கட்டுரை எழுதியிருக்கேன், அதைப் படிங்க. முகம் எதுக்குப்பா?” என்றார். தன்னடக்கம் என்றே நினைத்தோம். மூன்றாம் முறை போனபோதுதான் காரணத்தைச் சொன்னார். குடியிருக்கும் அடுக்ககத்தில் அவர் சாதி யாருக்கும் தெரியாது.

மறுப்பிலும் வகை உண்டு. ஹைட்ரஜனை 1766இல் தனி வாயுவாக அடையாளம் காட்டிய ஹென்றி கேவண்டிஷ் எந்த ஓவியர் முன்னும் உட்கார இசையவில்லை. கூச்ச சுபாவம். வேறு வழியின்றி வில்லியம் அலெக்சாண்டர் என்ற ஓவியரை ராயல் சொசைட்டி கிளப்பின் விருந்துக்குள் உட்காரவைத்தார்கள். கொக்கியில் தொங்கிய கோட்டையும் தொப்பியையும் தனியே வரைந்து, முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்து வரைந்து, இரண்டையும் இணைத்தார் அவர். அந்தப் படமும் இல்லாமல் போயிருந்தால் கேவண்டிஷுக்கு என்ன நட்டம்? பிரபு குடும்பம். அதே குடும்பத்தார் கொடுத்த பணத்தில் கேம்பிரிட்ஜில் ஆய்வுக்கூடமே எழுந்தது.

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் கதை வேறு. மிசௌரியில் அடிமையாகப் பிறந்தவர். பிறந்த ஆண்டுகூட உறுதியில்லை, 1864 வாக்கில் என்பார்கள். கைக்குழந்தையாகத் தாயோடு கடத்தப்பட்டார். குழந்தை மீண்டது, தாய் மீளவில்லை. கன்சாஸில் ஹைலண்ட் கல்லூரி கடிதம் வழியே இடம் கொடுத்தது. நேரில் முகத்தைப் பார்த்ததும் மறுத்தது. காகிதத்தில் தகுதி, கண்ணெதிரில் தீட்டு. இது நமக்குப் புதிதா?

1896இல் டஸ்கீகி போய்ச் சேர்ந்த கார்வர், பருத்தி உறிஞ்சித் தீர்த்த நிலத்தில் நிலக்கடலையும் தட்டைப்பயறும் போடச் சொல்லி ஏழைக் கறுப்பின விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரே ஓவியர்தான், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் வரைந்த படம் இடம்பெற்றது. முதுமையில், 1942இல், பெட்சி கிரேவ்ஸ் ரேனோ அவரை வரைந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1917இல் வெள்ளை மாளிகை முன் நின்று கைதான வெள்ளையினப் பெண் அவர். படத்தில் கார்வர், தாமே ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய அமரில்லிஸ் மலரோடு இருக்கிறார். அடுத்த சனவரியில் இறந்துபோனார். 1944இல் அந்த ஓவியம் ஸ்மித்சோனியனுக்குப் போனது. அமெரிக்க தேசியச் சேகரிப்பில் நுழைந்த முதல் கறுப்பின மனிதரின் உருவப்படம் அதுவே. கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட அதே முகம்.

நான்காம் முறை போனபோது இந்தப் படத்தின் அச்சுப்பிரதியை எடுத்துப் போனோம். அந்தப் பெரியவரை வற்புறுத்தலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இன்றும் சண்டை உண்டு; சாதி தெரிந்தபின் அந்த அடுக்ககத்தில் வாழப்போவது நாங்கள் அல்லவே. அவர் நெடுநேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எதிர்வீட்டார் ஊருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஓவியரை அழைத்துவரச் சொன்னார்.