பிளேக்கிற்குப் பின் நகரம்: பம்பாய், பெங்களூர் அன்றாட வாழ்வில் நிலைத்த மாற்றங்கள்

1891ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பம்பாய் நகரின் மக்கள்தொகை 8,21,764. பத்தாண்டுகளுக்குப் பின் 1901இல் அது 7,76,006 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் பெங்களூரின் மக்கள்தொகை, நகரமும் தண்டு எனத் தமிழர் வழங்கும் படைவீட்டுப் பகுதியும் சேர்ந்து, 1,80,366இலிருந்து 1,59,046 ஆயிற்று. வளர்ந்துவந்த இரு நகரங்கள் இவ்வாறு சுருங்கியதற்குக் காரணம் பிளேக். இறப்பு அதில் ஒரு பகுதி; ஊரைவிட்டு அகன்றமை மற்றொரு பகுதி. 1906இல் பம்பாயில் தனியே எடுக்கப்பட்ட கணக்கில் மக்கள்தொகை 9,77,822ஐ எட்டியிருந்தது. சென்றவர் திரும்பினர், புதியோரும் வந்தனர். ஆயின் அவர்கள் வந்து சேர்ந்த நகரம் பழைய நகரம் அன்று. எவை மாறின, அம்மாற்றங்களுள் எவை நிலைத்தன, அவற்றின் விலையை யார் கொடுத்தனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கொள்ளைநோய்களைப் பற்றி எழுதுவோர் ‘சமூகம் தன்னைத் தகவமைத்துக் கொண்டது’ என்று எளிதாகச் சொல்லிச் செல்வதுண்டு. இத்தொடரில் வரும் ‘சமூகம்’ என்னும் சொல் ஐயத்திற்குரியது. இடம்பெயர வசதி உடையவர் தகவமைந்த முறை ஒன்று. இடித்து வெளியேற்றப்பட்டவர் தகவமைந்த முறை வேறு. இவ்விரண்டையும் ஒரே வினைச்சொல்லால் குறிப்பது வரலாற்றைத் தட்டையாக்கிவிடும்.

உடலின்மீது விதித்த ஆணைகள்

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயை இனங்கண்டார். துறைமுகத்தை அடுத்த, தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த பகுதி அது. அக்டோபரில் வால்தெமார் ஹாஃப்கின் அந்நகருக்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பு மருந்து உருவாக்கும் பணியில் இறங்கினார். 1897 ஜனவரியில் அதனைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். 1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்கள் சட்டம் நிறைவேறியது. வீடு புகுந்து தேடவும், நோயாளியை மருத்துவமனைக்கும் உடனிருந்தோரை ஒதுக்குமுகாமுக்கும் கொண்டுசெல்லவும், இரயில் பயணிகளை இறக்கிச் சோதிக்கவும் அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. வீடுகளின் ஓடுகளைப் பிரித்து வெயில் விழச் செய்தனர். குழாய்கொண்டு நீர் பாய்ச்சிக் கழுவினர். இறப்பு நேர்ந்த வீட்டுக் கதவில் வட்டமிட்டு நாளெழுதினர். சென்னை மாகாணத்தில் நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர்க்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ வழங்கி, குறித்த நாள்வரை அவர்களைக் கண்காணிக்கும் முறை நடைமுறையில் இருந்தது.

அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி உள்ளதா என்று அயலார் பார்ப்பதை, அதிலும் பெண்கள் உடலில் பார்ப்பதை, மக்கள் பொறுக்கவில்லை. புனேயில் பிளேக் குழுவின் தலைவராக இருந்த ராண்ட் 1897 ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டுப் பின்னர் இறந்தார். 1898 மார்ச் 9 அன்று பம்பாயின் மதன்புரா பகுதியில் நோயுற்ற சிறுமி ஒருத்தியைக் கொண்டுசெல்ல முனைந்தபோது நெசவாளர்கள் எதிர்த்து நின்றனர். அது கலவரமாக வெடித்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. புனேயில் நோயாளிகளுக்குப் பணிசெய்த சாவித்திரிபாய் ஃபுலே அந்நோய்க்கே ஆளாகி 1897 மார்ச் 10 அன்று மறைந்தார். மருத்துவமனையை அஞ்சிய மக்களிடையே அவர் நோயாளிகளைத் தேடிச் சென்றார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

இவ்வாணைகள் நீடிக்கவில்லை. கட்டாயத் தேடலை அரசு படிப்படியாகக் கைவிட்டது. சாதியாரும் சமயத்தாரும் தத்தமக்கென மருத்துவமனை நடத்திக்கொள்ள இசைந்தது. தடுப்பூசியை விருப்பத்திற்கு விட்டது. மூன்றாம் ஆகாகான் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டது, தம் சமூகத்தாரிடம் அரசாணை பெறாத நம்பிக்கையைப் பெற்றது. சட்டம்மட்டும் ஏட்டில் நிலைத்தது. 2020இல் கொரோனா பரவியபோது இந்தியா முதலில் கையிலெடுத்தது 1897ஆம் ஆண்டின் அதே சட்டத்தைத்தான்.

எலி கற்பித்த பாடம்

மக்கள் தாமாகக் கைக்கொண்ட வழக்கங்கள் ஆணைகளினும் நெடுங்காலம் வாழ்ந்தன. வீட்டில் எலி செத்து விழுந்தால் அவ்வீட்டைவிட்டு வெளியேறுவது தக்காணத்து ஊர்களிலும் மைசூர்ச் சீமையிலும் வழக்கமாயிற்று. ஊருக்கு வெளியே வயல்களிலும் மேடுகளிலும் குடிசையிட்டுத் தங்கி, நோய்ப் பருவம் கழிந்தபின் திரும்புவர். பால் லூயி சிமோன் கராச்சியில் செய்த ஆய்வின்வழி எலித் தெள்ளே நோயைக் கடத்துகிறது என்று 1898இல் கூறியபோது அறிவுலகம் அதனை உடனே ஏற்கவில்லை. 1905இல் பணி தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழுவின் சோதனைகளுக்குப் பின்னரே அது நிலைபெற்றது. தெள்ளைப் பற்றி ஏதும் அறியாத உழவர் எலி விழுந்த வீட்டைத் துறந்தது சரியான செயல் என்பதை அறிவியல் பின்னர் உறுதி செய்தது. 1965இல் வெளிவந்த யு. ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ நாவலில் அக்கிரகாரத்தில் எலிகள் செத்து விழுவது, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் கன்னட நாட்டு நினைவில் அவ்வடையாளம் அழியாமல் இருந்தமைக்குச் சான்று.

காற்றுக்காக வெட்டிய தெருக்கள்

பம்பாயில் நிலைத்த மாற்றத்தை 1898இல் தோன்றிய நகர மேம்பாட்டு டிரஸ்டிடம் காணலாம். நெருக்கம், ஈரம், இருள், கெட்ட காற்று ஆகியனவே நோய்க்கு விளைநிலம் என்ற கருத்தின்மேல் எழுந்த நிறுவனம் அது. மேற்குக் கடற்காற்று உள்நகருக்குள் புகவேண்டும் என்பதற்காகப் பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் கிழக்கு மேற்காக வெட்டப்பட்டன. அத்தெருக்கள் உருப்பெற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே நோயைக் கடத்துவது காற்றன்று, தெள்ளு என்பது நிறுவப்பட்டது. இருப்பினும் பணி நிற்கவில்லை. கோட்பாடு வீழ்ந்த பின்னும் அக்கோட்பாடு கட்டிய நகரம் எஞ்சியது. பிளேக் விட்டுச்சென்ற மாற்றங்கள் அனைத்தையும் நோயறிவின் விளைவாகக் கொள்வது பிழை என்பதற்கு இதுவே போதிய சான்று.

டிரஸ்ட் பின்பற்றிய விதிகளுள் 63½ பாகை ஒளிக்கோண விதி புகழ்பெற்றது. எளிமையாகச் சொன்னால், அறையின் சன்னலுக்கு எதிரே கட்டட உயரத்தில் பாதியளவேனும் திறந்தவெளி விடவேண்டும் என்பது அதன் பொருள். வானம் தெரிய வேண்டும் என்பதை ஒரு கோணமாக அளந்து சட்டமாக்கிய முயற்சி இது. டிரஸ்ட் தொழிலாளர்க்கென ‘சால்’ எனப்படும் வரிசை அறைக் குடியிருப்புகளையும் எழுப்பியது. ஆனால் தொடக்கப் பதின்மங்களில் அது கட்டிய அறைகளைவிட இடித்த அறைகள் மிகுதி. வேலைக்கு நடந்தே செல்ல வேண்டியவர் ஆலையைவிட்டு அகல முடியாது. ஆதலின் வீடிழந்தோர் பக்கத்துத் தெருவில் முன்னினும் நெருங்கிக் குடியேறினர். இவர்களும் ‘தகவமைந்தவர்களே’.

வசதியுடையோர்க்கு டிரஸ்ட் தீவின் வடபகுதியில் நிலம் திருத்தித் தந்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் என விரிந்த அத்திட்டத்தில் பார்சி காலனியும் ஹிந்து காலனியும் அமைந்தன. இருபதுகளிலும் முப்பதுகளிலும் மாட்டுங்கா தென்னிந்தியரின், சிறப்பாகத் தமிழரின், குடியிருப்பாயிற்று. எழுத்தராகவும் கணக்கராகவும் வந்த அவர்கள் அங்குக் கோயிலும் சங்கமும் கண்டனர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பம்பாய்த் தமிழர் வரலாற்றை எழுதுவோர் வேலைதேடி வந்த கதையோடு நின்றுவிடுகின்றனர். அவர்கள் குடியேறிய தெருக்களைத் திறந்து வைத்தது ஒரு கொள்ளைநோய் என்பது பெரிதும் பேசப்படுவதில்லை.

மாட்டுங்காவில் வளர்ந்த வீட்டு வடிவம் அடுக்ககம். சமையலறை, குளியலறை, கழிப்பறை யாவும் ஒரே வாயிற்கதவுக்குள் அடங்கிய தன்னிறைவு வீடு அது. இன்று இயல்பெனத் தோன்றும் இவ்வமைப்பு அன்று எளிதில் ஏற்கப்படவில்லை. கொல்லைப்புறத்தில், வீட்டிலிருந்து எட்ட இருக்கவேண்டிய கழிப்பறை சமையலறைக்குச் சில அடி தொலைவில் வருவது ஆசாரம் பேணும் குடும்பங்களுக்கு உறுத்தலாக இருந்தது. அதனைப் பின்புறம் தள்ளி வைத்தும், துப்புரவுப் பணியாளர் வீட்டினுள் நுழையாது வந்துபோக வேறு வழி விட்டும் கட்டடம் வரைந்தனர். நலவாழ்வு விதியும் தீட்டுக் கருத்தும் ஒரே சுவரில் சமரசம் செய்துகொண்டன. சாலில் பொதுக்குழாயும் பொதுக்கழிப்பறையும் நீள்தாழ்வாரமும் அண்டை அயலாரை நாள்தோறும் சந்திக்க வைத்தன; அடுக்ககம் கதவைச் சாத்திக்கொள்ளக் கற்றுத்தந்தது.

இவ்விரு உலகங்களையும் ஒரே வாழ்வில் கண்டவர் அம்பேத்கர். பரேலில் டிரஸ்ட் கட்டிய சாலில் சிறிய அறைகளில் ஏறத்தாழ இருபதாண்டுகள் அவர் குடும்பம் வாழ்ந்தது. முப்பதுகளில் அவர் தாதர் ஹிந்து காலனியில் ‘ராஜகிருகம்’ என்னும் வீட்டைக் கட்டி, தம் நூல்களுடன் குடியேறினார். இரண்டும் பிளேக் பெற்ற நிறுவனத்தின் நிலங்களே. பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஒருவர் முன்னதிலிருந்து பின்னதற்குச் சென்றது விதிவிலக்கு. அவரோடு அச்சாலில் வாழ்ந்தோருள் பெரும்பாலார்க்கு அவ்வழி திறந்திருக்கவில்லை.

பெங்களூரின் சந்துகள்

பெங்களூருக்கு நோய் 1898 ஆகஸ்டில் இரயில் வழியே வந்தது. பழைய பேட்டையின் நெருக்கத்தைக் குறைக்கும் நோக்கில் பசவனகுடியும் மல்லேசுவரமும் விரைந்து வளர்ந்தன. நேரான தெருக்கள், மனைகளுக்கிடையே இடைவெளி, வீடுகளின் பின்புறம் துப்புரவுச் சந்து எனத் திட்டமிட்ட இப்புதுப் பகுதிகள் காற்றுக்கும் வெளிச்சத்திற்கும் இடந்தந்தன. எனினும் மனைகள் சாதி, சமய வாரியாகப் பிரித்து ஒதுக்கப்பட்டன. பேட்டையிலும் தொழில்வழிச் சாதித் தெருக்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அவை வணிகத்தில் ஒன்றோடொன்று உரசி வாழ்ந்தவை. புதுப்பகுதியில் அப்பிரிவு அளவைக்கோல் கொண்டு வரைந்த படமாயிற்று. பின்புறச் சந்தோ, மலம் அள்ளுவோர் எவர் கண்ணிலும் படாமல் வந்துபோவதற்கான வழி. தூய்மை என்னும் சொல்லுக்கு நலவாழ்வுப் பொருளும் சாதிப் பொருளும் பிரிக்கமுடியாதபடி ஒட்டிக்கொண்ட இடம் அச்சந்து எனலாம். நிலத்தடிச் சாக்கடை வந்தபின் சந்துகள் தம் வேலையை இழந்தன. பல ஆக்கிரமிப்புக்கு உள்ளாயின, சில வண்டி நிறுத்துமிடமாயின.

தமிழர் மிகுந்த தண்டுப் பகுதியில் நெரிசலைத் தணிக்க எழுந்தது பிரேசர் டவுன். எலி புகாத வகையில் வீடு கட்டும் எண்ணத்துடன் அமைந்த அப்பகுதிக்கு மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டுவர்ட் பிரேசரின் பெயர் சூட்டப்பட்டது. பின்னர் அது அலுவல்முறையில் புலிகேசி நகர் ஆயிற்று. பம்பாயில் சாண்ட்ஹர்ஸ்ட் சாலை கவர்னர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. நோயால் பிறந்த இடங்கள் எவற்றிலும் நோயின் பெயர் இல்லை.

அப்பெயரைக் காத்தவர் வேறு. அம்மை கண்டால் மாரியை வேண்டும் மரபினர், புதிதாக வந்த நோயையும் அவளிடமே ஒப்படைத்தனர். பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. நகராட்சி அறிக்கைகளில் எண்ணாக மட்டும் இடம்பெற்ற எளிய மக்களின் துயர் கல்லில் பதிந்த இடங்கள் இவை. ஆயின் நம் வரலாற்றாய்வாளர்கள் இவற்றைச் சமயப் பகுதியில் சேர்த்துவிட்டு, நலவாழ்வு வரலாற்றிற்கு அரசு ஆவணங்களை மட்டும் புரட்டுகின்றனர். இக்கோயில்களின் தலபுராணம் வாய்மொழியாகவே உள்ளது. எந்தத் தெருவார் முதலில் நட்டனர், எந்த ஆண்டில் எவரை இழந்தனர், ஊர் எங்குப் பெயர்ந்து தங்கியது என்பவை பூசாரி குடும்பங்களிடமும் முதியோரிடமும் இன்னும் ஓரளவு கிடைக்கும். தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க களப்பணி இது. அங்கு வருவோர் இப்போது கேட்கும் வரம் திருமணமும் மகப்பேறும். பிளேக் என்பது அன்னையின் பெயர்களுள் ஒன்றாகிவிட்டது.