கூலி, காப்பீடு, கடிவாளம்

அமெரிக்காவில் வேலை போனால் பெரும்பாலும் வைத்தியமும் போகும். அங்கே 15 கோடிக்கும் மேற்பட்டவர்கள் முதலாளி வழியாகத்தான் மருத்துவக் காப்பீடு பெறுகிறார்கள். சந்தை தானாகக் கண்டடைந்த ஏற்பாடு என்பதாக ஒரு சொல்லாடல் உண்டு. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1929இல் டல்லஸ் நகரத்துப் பேய்லர் மருத்துவமனை, மாதம் 50 சென்ட் கட்டும் பள்ளி ஆசிரியர்களுக்கு 21 நாள் மருத்துவமனைச் சிகிச்சை தருவதாக ஏற்பாடு செய்தது. கட்டணம் வசூலாகாமல் தவித்த மருத்துவமனைக்கு அது ஒரு வழி. திருப்பம் போர்க்காலத்தில் வந்தது. 1942இல் அரசு கூலி உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆள் கிடைக்காத ஆலைகள் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தன. அது கூலிக் கணக்கில் சேராது என்று அரசே விலக்களித்தது. 1954 சட்டம் வரிவிலக்கையும் உறுதி செய்தது. ஆக, கூலியாக வரவேண்டியது சலுகை வேஷம் கட்டி வந்தது.

1945இல் ட்ரூமன் முன்வைத்த தேசிய மருத்துவக் காப்பீட்டை 'சோஷலிச வைத்தியம்' என்று பயங்காட்டி மருத்துவர் சங்கம் முறியடித்தது. தேசியக் காப்பீட்டை ஆதரித்த மோட்டார் தொழிலாளர் சங்கம், 1950இல் ஜெனரல் மோட்டார்ஸோடு போட்ட ஒப்பந்தத்தில் தன் உறுப்பினர்களுக்கானதை வாங்கிக்கொண்டது. வேறென்ன செய்யும்? ஆனால் 1935 தொழிலாளர் உறவுச் சட்டமே ஒதுக்கிவைத்த பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் வெளியே நின்றார்கள். அவர்களில் கறுப்பர்கள் ஏராளம்.

உள்ளே இருந்தவர்களுக்கோ சலுகையே கடிவாளமும் ஆயிற்று. 2019இல் அதே ஜெனரல் மோட்டார்ஸில் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், நிர்வாகம் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தியது. எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் பின்வாங்கியது. இருக்கட்டும். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு எத்தனை பேர் துணிந்து தெருவுக்கு வருவார்கள்?

இனி என்ன? 2024இல் குடும்பப் பிரீமியம் சராசரியாக ஆண்டுக்கு 25,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஒரு தொகையைக் கையில் கொடுத்து 'நீயே வாங்கிக்கொள்' என்று முதலாளி ஒதுங்கிக்கொள்ள 2020 முதல் புதிய விதி இடம் தருகிறது. இதற்குப் பெயர் தேர்வுச் சுதந்திரம்! ஓய்வூதியத்தில் நடந்ததும் இதுதானே: முதலில் உறுதி, அப்புறம் தொகை, அப்புறம் உன் பாடு. பிரீமியம் ஏறும், தொகை ஏறுமா?

முதலாளியிடமிருந்து காப்பீட்டைப் பிரிக்க வேண்டியதுதான். பிரித்து எங்கே சேர்ப்பது, சந்தையிலா பொதுவிலா என்பதில்தான் சண்டை. 1945இல் முடியாமல் நின்ற சண்டை அது.