ரெண்டு மருந்து சேர்ந்தா ரெட்டிப்பு பலமா? எம்.ஆர்.எஸ்.ஏ. கதை

ஒரு மருந்துக்கு அடங்காத கிருமிக்கு ரெண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தா என்ன? கேள்வி சிம்பிள். பதில்தான் சிம்பிள் இல்ல.

நம்ம வில்லன் பேரு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். சுருக்கமா ஸ்டாஃப். ஏறக்குறைய மூணுல ஒருத்தர் மூக்குக்குள்ள சாதுவா குடியிருக்கும். ரத்தத்துல கலந்துட்டா உயிருக்கே ஆபத்து.

1940-கள்ல பென்சிலின் வந்தது. சீக்கிரமே பென்சிலினை உடைக்கிற ஸ்டாஃப் மருத்துவமனைகள்ல பரவிடுச்சு. அதைச் சமாளிக்க 1960 வாக்குல மெத்திசிலின் வந்தது. 1961-லேயே அதுக்கும் அடங்காத ஸ்டாஃப் இருக்குன்னு இங்கிலாந்தில் பாட்ரீஷியா ஜெவன்ஸ் எழுதினார். அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ.

கையில மிச்சம் இருந்த முக்கியமான ஆயுதம் வான்கோமைசின். போர்னியோ காட்டு மண்ணிலிருந்து கிடைச்சு, 1958-ல அமெரிக்காவில் அனுமதி வாங்கிய மருந்து. வேலை செய்யும், ஆனா கிருமியை மெதுவாத்தான் கொல்லும். சிறுநீரகத்தையும் கவனிச்சுக்கணும்.

அப்போ கூட்டு மருந்து? இந்த யோசனைக்கு முன்னோடி காசநோய். ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியா கொடுத்தப்போ கிருமி தப்பிச்சுது. கூடவே பி.ஏ.எஸ். கொடுத்தப்போ அப்படித் தப்பிக்கிறது ரொம்பக் குறைஞ்சதுன்னு 1950-ல பிரிட்டிஷ் ஆய்வு காட்டுச்சு. கணக்கு இதுதான்: ஒரு மருந்துக்குத் தப்பிக்கும் கிருமி கோடியில ஒண்ணுன்னு வெச்சுப்போம். ரெண்டுக்குமே தப்பிக்கணும்னா கோடி கோடியில ஒண்ணு!

ஸ்டாஃபுக்கும் இது ஒரு இடத்துல பலிச்சது. எலும்புல வெச்ச உலோகத்துல ஸ்டாஃப் பிசுபிசுன்னு படலம் கட்டிக்கும். 1998-ல வெளிவந்த சுவிஸ் ஆய்வுல, சிகிச்சையை முழுசா முடிச்சவங்கள்ல ரிஃபாம்பிசின் சேர்த்த 12 பேரும் குணமானாங்க. சேர்க்காத 12 பேர்ல 7 பேர்தான் குணமானாங்க.

ரத்தத்துல கலந்த எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு இன்னொரு ஐடியா இருந்தது. பென்சிலின் குடும்ப மருந்து தனியா போனா அங்க தோத்துடும். ஆனா வான்கோமைசினோட சேர்ந்தா, ஆய்வகத்துல ரெண்டும் கிருமியைச் சேர்ந்து நொறுக்குச்சு. பார்க்க அவ்வளவு நம்பிக்கையா இருந்தது.

உண்மையான சோதனை கேமரா-2 ஆய்வு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், இஸ்ரேல்னு நாலு நாடு, 352 நோயாளிகள். கூட்டு மருந்து கொடுத்தவங்கள்ல, அஞ்சாம் நாளும் ரத்தத்துல கிருமி இருந்தது 11 சதவீதம் பேருக்கு. கொடுக்காதவங்கள்ல 20 சதவீதம். ஜெயிச்சாச்சுன்னு தோணுதா?

இல்ல. கூட்டு மருந்துக் குழுவில் 23 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் பாதிச்சது. மத்தக் குழுவில் 6 சதவீதம்தான். 90 நாளைக்குள்ள இறந்தவங்க 21 சதவீதம், 16 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாவும் இருக்கலாம், ஆனா உயிர் காத்ததுக்கான அறிகுறி எதுவும் இல்ல. பாதுகாப்பை மேற்பார்வை பண்ணின குழு சொன்னதால ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க. 2020-ல முடிவு வெளியாச்சு.

என் வேலையில ஒரு பழக்கம் உண்டு: டெஸ்ட் சர்வர்ல ஓடுறது லைவ்ல ஓடும்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டோம். இங்கயும் அதேதான். தட்டுல இருக்கிற கிருமிக்குச் சிறுநீரகம் கிடையாது. நோயாளிக்கு உண்டு. கிருமி சீக்கிரம் போறதும் மனுஷன் பிழைக்கிறதும் ஒண்ணு இல்ல.

அதனால, கூட்டு மருந்து தப்புன்னு அர்த்தமில்ல. எந்த மருந்து, எந்த இடத்துல, யாருக்குன்னு ஒவ்வொண்ணையும் தனித்தனியா சோதிச்சுத்தான் ஆகணும். அடுத்த தடவை வீட்டுல யாராவது "இன்னொரு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்து எழுதச் சொல்லு"ன்னா, இந்த 23-ஐயும் 6-ஐயும் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.