பணம் சென்ற வழியும் சாட்சி நின்ற இடமும்

தமிழர் பம்பாய்க்கு வந்த வரலாற்றைப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். கோயில்கள் எழுந்த கதையும், பள்ளிகள் தோன்றிய கதையும், இசைச் சபைகள் வளர்ந்த கதையும் நாம் அறிந்தவையே. ஆனால் நாம் இங்கு வந்ததற்கு முதற் காரணம் பொருளீட்டல். ஈட்டிய பொருளை ஊருக்கு அனுப்பியது எவ்வாறு, காத்தது எவ்வாறு, இழந்தபோது எதனால் இழந்தோம் என்பதை மட்டும் நாம் எழுதி வைக்கவில்லை. இவ்வாண்டு மலரில் அதனைச் சிறிது ஆராய்வோம். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் கைப்பேசி வழியே ஒரு பிற்பகலில் பறிபோன முதியோரின் செய்தி இன்று அடிக்கடி காதில் விழுகிறது. ஆதலின் இவ்வாராய்ச்சி வெறும் பழங்கதை அன்று. நம் வீட்டுக் கதவைத் தட்டும் பிரச்சினை.

தபால் நிலையத்துச் சாளரம்

1853 ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1871-இல் பம்பாயிலிருந்து சென்ற இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் கூடின. அதன் பின்னரே தமிழகத்து ஏழையும் படித்தவரும் பம்பாயை எட்டக்கூடிய ஊராக எண்ணலாயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தனர். 1896-இல் நகரை உலுக்கிய பிளேக் நோயின் விளைவாக 1898-இல் அமைந்த நகர் மேம்பாட்டு டிரஸ்டு, தாதர், மாதுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு வகுத்தது. அங்கே தஞ்சை, திருநெல்வேலி, பாலக்காட்டுப் பகுதிகளிலிருந்து வந்த எழுத்தர்களும் தட்டெழுத்தாளர்களும் சுருக்கெழுத்தாளர்களும் குடியேறினர். அக்காலத்தில் இவ்விரு பகுதியாரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் இரு திறத்தாரும் ஒரே வகைச் சாளரத்தின் முன் வரிசையில் நின்றனர். அது தபால் நிலையத்தின் மணியார்டர் சாளரம்.

1880 ஜனவரி முதல் நாள் தபால் இலாகா மணியார்டர் பணியைத் தன் பொறுப்பில் ஏற்றது. அம்முறை நடந்த விதத்தை இன்றைய இளைஞர் பலர் அறியார். அனுப்புவோர் படிவத்தை நிரப்பிப் பணத்தைக் கட்டினால், எழுத்தர் எண்ணிப் பார்த்து இரசீது கொடுப்பார். ஊரில் தபால்காரர் வீடு தேடிச் சென்று, பெறுபவரின் முகமறிந்து கொடுப்பார். எழுதத் தெரியாதவர் கைந்நாட்டு வைத்தால், பக்கத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்து இடுவார். பணம் சேர்ந்ததற்கு அடையாளமாக ஒப்புகைச் சீட்டு பம்பாய்க்குத் திரும்பி வரும். படிவத்தின் ஓரத்துத் துண்டில் நலம் விசாரித்து இரண்டு வரி எழுதவும் இடம் இருந்தது.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. பத்து ரூபாய் ஊருக்குப் போவதை எழுத்தர், தபால்காரர், சாட்சி என மூவராவது கண்ணாரக் கண்டனர். எழுத்தறியாதவர்க்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவரையும் சேர்த்தால் நால்வர். இம்முறையில் குறையே இல்லை என்பதன்று. பணம் சேர நாள்கள் பல ஆகும். குடும்பத்துச் செய்தி நாலு பேர் வாயில் விழும். தபால்காரருக்குக் காபிக் காசும் கொடுக்க வேண்டும். ஆனால் பணத்தைக் கவர நினைப்பவன் அத்தனை கண்களையும் ஏமாற்றியாக வேண்டும். தாமதமே அன்று ஒரு காவலாக இருந்தது. காகிதப் படிவத்தோடு கூடிய அப்பழைய முறை 2015-இல் நிறுத்தப்பட்டது.

சீட்டும் பெரும் பெயரும்

ஊருக்கு அனுப்பியது போக எஞ்சியதைச் சேர்த்து வைக்க நம்மவர் கையாண்ட வழி ஏலச் சீட்டு. மகள் திருமணத்திற்கும், தாராவியில் ஒரு தகரக் கூரைக்கும், மாதுங்காவில் வாடகை அறையின் முன்பணத்திற்கும் வங்கி அன்று கடன் தராது, சீட்டு தந்தது. அதன் வலிமை கணக்குப் புத்தகத்தில் இல்லை. எல்லாரும் ஓரிடத்தில் கூடி, ஏலத்தை வாய்விட்டுக் கூறி, எடுத்தவர் யார் என்று அனைவரும் அறியப் பிரித்ததில் இருந்தது. அந்தக் கூட்டம் நின்று, ஒருவரே வீடு வீடாகச் சென்று வசூலித்து, ஒருவரே புத்தகத்தை வைத்துக்கொண்ட சீட்டுகளே பெரும்பாலும் முறிந்தன. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம், சீட்டைப் பதிவு செய்க, உறுப்பினர் முன்னிலையில் நடத்துக, நடந்ததை எழுதி வைக்க என்று விதித்தது. அனுபவம் கற்பித்ததையே சட்டம் பின்னர் எழுதியது எனலாம்.

மோசடி இயந்திரத்தோடு பிறந்ததன்று. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது தமிழகமெங்கும் நடுத்தரக் குடும்பங்கள் நிலைகுலைந்தன. அங்கே கம்பியும் இல்லை, கணினியும் இல்லை. பெரிய பெயரும் வெள்ளைக்காரர் நிறுவனம் என்ற மதிப்புமே இருந்தன. கணக்கைக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று மக்கள் எண்ணியிருந்தனர். அந்த அடியின் விளைவாக 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1960-இல் கேரளத்துப் பாலை சென்ட்ரல் வங்கி முறிந்தபின், வைப்புத்தொகைக் காப்புறுதி 1962 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அன்று காப்பு வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியில் அது ஐந்து இலட்சமாக உயர்ந்தது. ஒவ்வொரு காப்பும் ஓர் இழப்பிற்குப் பின்னரே வந்திருக்கிறது.

பித்தளை டோக்கனும் பேசாத பெட்டியும்

சுதந்திரத்திற்குப் பின் நம்மவர் கையில் வங்கிப் பாஸ்புக் வந்தது. காசோலையைக் கொடுத்துப் பித்தளை டோக்கனைப் பெற்றுப் பலகையில் அமர்ந்து காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஒரு எழுத்தர் பேரேட்டில் பதிவார், மற்றொருவர் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவார், அதிகாரி ஒப்பமிடுவார், காசாளர் எண்ணிக் கொடுப்பார். அந்த மேசைகளின் பின்னே அமர்ந்தவர்களிலும் நம்மவர் பலர் இருந்தமையால், தாமதத்தைப் பழித்தவர்களும் நாமே, அத்தாமதத்தால் பிழைத்தவர்களும் நாமே.

இதே நகரில் கணினி பிறந்த கதையிலும் தமிழர்க்குப் பங்கு உண்டு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் அமைந்த டிஃப்ராக் என்னும் கணிப்பொறி 1960-இல் இயங்கத் தொடங்கியது. அறை நிறைந்த அவ்வியந்திரத்தின் நினைவகம் கொண்டது 2,048 சொற்களே. செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1954-இல் எழுந்த அணுசக்தி நிலையத்தில் பணியேற்றுக் கணக்கையும் விஞ்ஞானத்தையும் நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் செம்பூரை நிறைத்தன. எனினும் அன்றாடக் குடும்பத்துக்குக் கணினி தொலைவிலேயே இருந்தது.

அது வங்கிக்குள் நுழையப் போகிறது என்றபோது அச்சம் எழுந்தது. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையில் 1983-இல் அமைந்த குழு, வங்கிகளை இயந்திரமயமாக்கும் வழிகளை 1984-இல் வகுத்துத் தந்தது. வேலை போய்விடும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. தட்டெழுத்தை நம்பி இந்நகருக்கு வந்த சமூகத்திற்கு அந்த அச்சம் இயல்பானதே. ஆனால் வேலையைப் பற்றிப் பேசிய அளவுக்குப் பாதுகாப்பைப் பற்றி எவரும் பேசவில்லை. 1987-இல் ஹாங்காங் ஷாங்காய் வங்கி இந்தியாவின் முதல் ஏ.டி.எம். இயந்திரத்தை இந்நகரில் நிறுவியது. எழுத்தர், அதிகாரி, காசாளர் மூவர் செய்த சரிபார்ப்பை நான்கு இலக்க இரகசிய எண் ஒன்றே செய்யத் தொடங்கியது. மூவர் சுமந்த பொறுப்பு ஓசையின்றி நம் தோளுக்கு மாறியது. இதனை உணராத பல வீடுகளில் அவ்வெண்ணை அட்டையின் உறைமேலேயே எழுதி வைத்தனர்.

கைப்பேசி வந்த பின்

1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பம்பாய் மும்பை என்று பெயர் மாறியதும் அவ்வாண்டே. 2009 ஆகஸ்டு முதல் இணையத்தில் அட்டை வழியே பொருள் வாங்க, அட்டையில் இல்லாத இரண்டாவது ஒரு கடவுச்சொல்லும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. 2016 ஏப்ரல் 11-ஆம் நாள் அவ்வங்கியின் ஆளுநர் ரகுராம் ராஜன் யு.பி.ஐ. முறையை மும்பையில் தொடங்கி வைத்தார். அவ்வாண்டு நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாமற் போயின, கடைதோறும் க்யூ.ஆர். அட்டை தொங்கலாயிற்று.

இதன் நன்மையை மறுப்பது நன்றிகேடு. தாராவியில் தைப்பவர் தையற்பொறியை விட்டு எழாமலே தூத்துக்குடியில் உள்ள தாய்க்குப் பணம் அனுப்புகிறார். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் வீடடங்கிக் கிடந்தபோது இதுவே பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. மேலும் ஒரு புதுமையைக் கருதுக. பணம் கட்டியதாகப் பொய்ப் படத்தைக் காட்டி ஏமாற்றுவோர் பெருகவே, வந்த தொகையை உரக்கச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டி கடைகளுக்கு வந்தது. இட்லிக் கடையில் அப்பெட்டி தொகையைக் கூறும்போது நிற்போர் அனைவரும் கேட்கின்றனர். இழந்த சாட்சியை இயந்திரமே மீட்டுத் தந்த இடம் அது.

வீட்டிலோ அத்தகைய ஒலிப்பெட்டி இல்லை. அறையில் முதியவர் ஒருவரும் கைப்பேசி ஒன்றும் மட்டுமே. 'போலீஸ் பேசுகிறோம், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்களை டிஜிட்டல் கைது செய்துள்ளோம், படக்கருவியை அணைக்காதீர், எவரிடமும் சொல்லாதீர்' என்று மறுமுனையில் ஒரு குரல் மிரட்டுகிறது. அத்தகைய கைது நம் சட்டத்தில் எங்கும் இல்லை. 2024 அக்டோபர் 27-ஆம் நாள் வானொலி உரையில் பிரதமரே இதனை எச்சரித்தார். இம்மோசடியில் உயிரான சொற்கள் 'எவரிடமும் சொல்லாதீர்' என்பவையே. மணியார்டருக்குச் சாட்சி இருந்த இடம் இன்று வெறுமையாக இருப்பதை மோசக்காரன் அறிவான். அவ்விடம் வெறுமையாகவே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறான். பிள்ளைகள் அயல்நாட்டில், கணவர் மறைந்துவிட்டார், அண்டை வீட்டார் புதியவர் என்னும் நிலையில் வாழும் செம்பூர், மாதுங்கா முதியோர் அவனுக்கு எளிய இரையாகின்றனர். படிப்பின்மை இதற்குக் காரணம் அன்று, தனிமையே காரணம்.

நாம் செய்யத்தக்கவை

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. அளவுகோல்கள் சிலவற்றை இங்கே குறிப்போம். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. எண்ணை அழுத்தினால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்பதே பொருள். ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்கும் உரிமை வங்கி அதிகாரிக்கும் இல்லை. அழைத்தவர் தந்த எண்ணை நம்பாது, பாஸ்புக்கில் அச்சிட்ட எண்ணை அழைக்க வேண்டும். அவசரம் என்று எவர் சொன்னாலும் அன்று ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். பழைய தாமதத்தின் காவலை நாமே உண்டாக்கிக்கொள்வது இது.

இழந்துவிட்டால் அந்நொடியே 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி ஒன்று உண்டு. தவறு வங்கியிடமும் நம்மிடமும் இல்லாதபோது, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் அறிவித்தால் இழப்பு நம்முடையதன்று என்றது. இரகசியத்தை நாமே வெளியிட்டிருந்தாலும், அறிவித்த பின் நேரும் இழப்பை வங்கியே ஏற்கவேண்டும் என்றது. ஆகவே வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டமே. ஏமாற்றப்பட்டவரை 'இவ்வளவு படித்தும் இப்படியா' என்று ஏளனம் செய்யும் வழக்கத்தையும் நாம் விட்டொழிக்க வேண்டும். அவ்வேளனத்திற்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை.

எல்லாவற்றினும் மேலானது சாட்சியை மீட்பது. முன்னாளில் எழுத்தறிந்தவர் அறியாதவர்க்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். அதற்குக் கூலி கேட்கவில்லை. கண்ட கணக்கை வெளியே சொல்லவும் இல்லை. அத்தொண்டை இன்று நம் இளைஞர் ஏற்கலாம். ஒவ்வொரு கட்டடத்திலும் நம்பிக்கைக்குரிய இருவர் தம் பெயரைச் சங்கத்தில் பதிவு செய்யட்டும். மிரட்டல் அழைப்பு வந்த முதியவர் எந்நேரத்திலும் அவர்கள் கதவைத் தட்டலாம் என்னும் நிலை உண்டாகட்டும். அவர்கள் எவருடைய இரகசிய எண்ணையும் கேளார், கைப்பேசியையும் வாங்கிக்கொள்ளார். பக்கத்தில் அமர்ந்து கேட்டிருப்பதே அவர்கள் பணி. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கூடத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டிக்கொள்கிறோம்.

தோல் மண்டியிலும் தட்டெழுத்து மேசையிலும் நம் முன்னோர் ஈட்டிய பொருளை அண்டை அயலார் பலர் கண்காணித்துக் காத்தனர். அதே காவலை நாம் ஒருவருக்கொருவர் அளிப்போமாக.