புதுக்கோட்டைச் சீமையின் வளரி

வளரி கையால் சுழற்றி எறியும் பிறைவடிவ ஆயுதம். வளைதடி என்றும் சொல்வார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைச் சீமைகளில் கள்ளரும் மறவரும் இதைப் போரிலும் வேட்டையிலும் கையாண்டனர்.

பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்தில் செதுக்கினார்கள்; சில வேளை இரும்பிலும் செய்தார்கள். ஒரு முனை கனமாகவும் மறுமுனை இலேசாகவும் இருக்கும். அதன் திறனெல்லாம் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது. இலேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி வீசினால், கனமான முனையில் விசை குவிந்து அடி பலமாக விழும். ஆஸ்திரேலியப் பூமராங்கில் எறிந்தவரிடமே திரும்பும் வகை பேர்போனது. இலக்கைச் சாய்க்கச் செய்த வளரிக்கு அந்த வித்தை தேவைப்படவில்லை. தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த வளரிகள் தந்தத்தால் ஆனவை. புதுக்கோட்டையிலிருந்து போனது சாதாரண மரவளரி.

1795-இல் சிவகங்கையை ஆண்ட சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றதாக ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் அது 100 கஜத்துக்குள் குறி தவறாது என்பது அவர் கணிப்பு. பின்னாளில் தன்னை எதிர்த்தவர்களின் ஆயுதத்தைப் பற்றி ஒரு படைவீரன் தந்த இந்தச் சான்று மதிப்பு மிக்கது.

ஆங்கிலேயருக்கு எதிரான பாளையக்காரர் போர்களுக்குப் பின் வளரி ஒதுங்கியது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் நூலில் புதுக்கோட்டைத் திவான் தந்த குறிப்பு உள்ளது. சமஸ்தானத்தில் அப்போது வளரி வல்லுநர் எவரும் இல்லை. முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு மட்டும் எப்போதாவது எடுத்தார்கள். மற்றபடி அது பூஜையறையில் இருந்தது. ஆயுதபூஜையன்று துடைத்து வைத்து வணங்கினார்கள்.