கருப்பூர் ஓவியரின் நோட்டு

கருப்பூரில் மூத்த கலம்காரி ஓவியர் ஒருவரின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அட்டை பிய்ந்து, தாள் ஓரமெல்லாம் கறுப்பு மைக் கறை. உள்ளே முழுப்படம் ஒன்றுகூட இல்லை. யாளியின் வாய், அன்னத்தின் கழுத்து, கொடி மடங்கும் இடம். பக்கத்திலேயே, தேரில் உருளையாகத் தொங்கும் துணியான தொம்பையின் சுற்றளவு முழக்கணக்கில். “மிச்சத்தைத் துணிதாங்க சொல்லும்” என்றார்.

கொள்ளிடக் கரையில், உடையார்பாளையம் வட்டத்தில் இருக்கிறது கோடாலி கருப்பூர். நாயக்கர் காலத்திலேயே கோயில்களுக்கு விதானமும் தொம்பையும் இங்கே எழுதினார்கள். பிறகு தஞ்சை மராட்டியர் அரண்மனைக்குக் கருப்பூர்ச் சேலை போனது. பருத்தியில் சரிகையைப் பூவாக நெய்து, மெழுகால் தடுத்துச் சாயமேற்றிய சேலை அது. செம்மைக்குள்ளிருந்து பொன் மினுங்கும். 1855இல் இரண்டாம் சிவாஜி மறைந்ததும் அந்த அரசு முடிந்தது. வாங்க ஆளில்லாமல் சேலைத்தொழிலும் நலிந்து ஒழிந்தது. இன்று அதைப் பார்க்க லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குத்தான் போகவேண்டும்.

கோயில் துணி மட்டும் பிழைத்தது. காடாத் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகிறார்கள். பால் இருப்பதால் மை கசிந்து பரவாது. புளியங்குச்சிக் கரியால் முதல் கோடு. அதன்மேல் கலம் என்னும் மூங்கில் எழுதுகோலால், இரும்புத்துருவும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த நீரைத் தொட்டு எழுதுகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு பட்டதும் கோடு கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர். தீட்டும்போது அதில் நிறமே தெரியாது. சாயவேர் கொதிக்கும் அண்டாவில் துணி இறங்கிய பிறகுதான் சிவப்பு எழும். கண்ணுக்குத் தெரியாத நிறத்தை மனத்தில் வைத்துத் தீட்டும் கலை இது. ஓடும் தண்ணீரில் அலசும்போது கரிக்கோடு போய்விடும். முடிவான கோடு நிற்கும். ஓவியர் யோசித்ததும் திருத்தியதும் அந்த ஒரே துணியில் நடந்து, அதிலேயே கரைகின்றன. நோட்டு ஏன் இவ்வளவு சுருக்கம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2021இல் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்தது நல்லதே. ஆனால் சேலையின் கதை சொல்வது வேறு: வாங்குவோர் இருக்கும்வரைதான் கை ஓடும். எங்கள் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளுக்கு ராமநவமித் திருவிழாவில் தேர் உண்டு. கருப்பூர் இருக்கும் அதே மாவட்டத்துத் தேர், அதே மாவட்டத்துக் கலை. அடுத்த தொம்பையைக் கருப்பூரில் எழுதச் சொல்லுங்கள் என்று ஊராரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.